காப்பு அடுக்கப் போன வீடு

கண்ணாடிக் காப்புப் போட்ட கையோடு காடு வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் என்னுடைய கோபம் விளங்கும். மீள்குடியேற்றம் என்று சொல்லி எங்களை மாந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கொண்டுவந்து இறக்கியபோது, வீடு இருந்த இடத்தில் பற்றையும் உடைமுள்ளும் ஆளுயரத்துக்கு நின்றன. கத்தியை ஓங்கி நாலு போடு போட்டால் கையில் கிடக்கும் காப்புகள் சலசலக்கும். உடனே தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து மாமியின் சத்தம் வரும்: "பிள்ளை, காப்புக் கவனம்!" முள் கவனம் என்று சொல்லமாட்டார். பாம்பு கவனம் என்று சொல்லமாட்டார். மிதிவெடி எல்லாம் எடுத்து முடிந்ததோ இல்லையோ என்று ஊரே தன் காலைப் பார்த்துப் பார்த்து நடந்த நாட்களில், மாமி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி என் கணவரின் தாய். இப்போது அவர் இல்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். பயம் என்று இல்லை. பக்கத்தில் இருந்துகொண்டு "என்ன எழுதுறாய், ஆருக்கு எழுதுறாய்" என்று கேட்டே என்னை எழுதவிட்டிருக்கமாட்டார்.

என் கணவர் உழவு இயந்திரம் ஓட்டியவர். சண்டை முடிகிற கடைசி வாரங்களில், கடற்கரை மணலில் புதைந்துபோன இயந்திரத்தை எப்படியாவது எடுத்துவருகிறேன் என்று ஒரு காலையில் வெளிக்கிட்டார். "கஞ்சியை இறக்கி வையும், வாறன்" என்றார். இறக்கி வைத்தேன். அவர் வரவில்லை. மறுநாள் சனம் எல்லாம் அள்ளுப்பட்டு நடந்தபோது மாமியும் நானும் அதோடு நடந்தோம். அகதி முகாமில் அவரைத் தேடினோம். எனக்குக் கொப்புளிப்பான் வந்து, உடம்பு முழுக்கக் கொப்புளமும் காய்ச்சலுமாய்க் கிடந்த நாட்களில் மாமி தனியாகப் போய்க் கூடாரம் கூடாரமாக விசாரித்தார். பின்னேரம் வந்து பக்கத்தில் குந்தி, "ஒருதரும் காணேல்லையாம்" என்பார். பிறகு வேப்பிலையால் எனக்கு விசிறத் தொடங்குவார்.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளை இல்லை. மட்டக்களப்பில் என் அக்கா தையல் கடை ஒன்று வைத்திருந்தாள். கைபேசி கிடைத்த நாளில் இருந்து அவள் ஒரே பாட்டுத்தான்: "வந்திடு. இஞ்ச ஒரு மெசின் சும்மா கிடக்கு." போக எனக்கு ஆசைதான். மறைக்க என்ன இருக்கிறது, நல்ல ஆசை. ஆனால் உயிரோடு இருக்கிற புருசனை விட்டுவிட்டு ஓடினவள் என்று ஆவேனோ என்று கால் எழும்பவில்லை. அவர் இருக்கிறார் என்றால் காத்திருக்கலாம். இல்லை என்றால் விழுந்து புரண்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறலாம். இரண்டில் ஒன்றை யாராவது ஒரு வாயால் சொன்னால் போதும் என்றிருந்தது. அந்த ஒரு பதிலுக்காக நான் ஏறிக் கேட்காத அரசாங்கக் கந்தோர் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. கிராம அலுவலர், எங்கள் விதானை, ஒருமுறை வீட்டுக்கு வந்து, மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி ஏதும் கிடைக்கும் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். மாமி பேசின பேச்சில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே றோட்டு வரைக்கும் போனார். ஏறி ஓடக்கூட அவருக்கு நினைவு வரவில்லை.

தாலிக்கொடி கடைசி மாதத்திலேயே அரிசியும் பருப்புமாய் மாறி வயிற்றுக்குள் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கட்டிய மஞ்சள் கயிறு முகாமில் இற்று விழுந்தது. நான் ஒருவனின் பெண்சாதி என்பதற்கு மிஞ்சிய அடையாளம் நெற்றியில் பொட்டும் கையில் காப்பும். இரண்டையும் மாமி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

புத்தளத்தில் அகதியாய் இருந்துவிட்டுத் தாராபுரத்துக்குத் திரும்பி வந்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், சைக்கிளின் பின்னால் காப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார். அவருக்கும் தன் பழைய வீட்டுக்குக் கூரை இல்லை. அதனால் எங்களோடு நன்றாக ஒத்துப்போனார். அவருடைய மணிச் சத்தம் கேட்டால் மாமி என்னை வேலியடிக்கு இழுத்துப்போவார். ஆனால் கிட்ட வரமாட்டார். மாமனார் சண்டை உக்கிரமாகும் முன்பே நோய் வருத்தத்தில் போய்ச் சேர்ந்தவர். தாலி அறுத்தவள் புதுக் காப்பைத் தொடக்கூடாது என்று மாமி தள்ளி நின்று, கையை நீட்டி நீட்டி உத்தரவு போடுவார். "அந்தப் பச்சை. இல்லை, மற்றப் பச்சை. இறுக்கமானதாப் பாத்துப் போட்டுவிடுங்கோ நானா, கழண்டு விழாம." நானா சவர்க்காரத் தண்ணீரில் என் கையை நனைத்து, பெருவிரலின் அடியை அமத்தி, "எலும்பை இளக்கி விடுங்கோ தங்கச்சி" என்று ஒவ்வொன்றாக ஏற்றுவார். ஏற்றின காப்பு பிறகு லேசில் இறங்காது.

ஒருநாள் பொறுமை கெட்டுக் கேட்டுவிட்டேன். "இதைக் கழட்டி வைச்சால் என்ன மாமி? வேலை செய்யேலாமக் கிடக்கு."

மாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "கழட்டினா அவன் இல்லையெண்டு ஆயிடும். என்ர பிள்ளையை நீ கொல்லப்போறியோ?"

கத்தியை எடுத்துக்கொண்டு பற்றைக்குப் போனேன். ஊருக்கும் என் கை கண்ணில் குத்தியது. புருசனைக் காணவில்லை, இவளுக்குக் கை நிறையக் காப்பு என்று குழாய்க்கிணற்றடியில் கதை. போட்டாலும் குற்றம், கழற்றினாலும் குற்றம். ஒரு சாண் மணிக்கட்டுக்குள் இத்தனை பேர் குடியிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் காப்பு செய்யும் பயிற்சி வந்தது. ஒரு தொண்டு நிறுவனம், பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் என்று எங்கள் பொதுமண்டபத்தில் தொடங்கியது. எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும். எங்கள் குடும்பத்துக்குத் தலைமை மாமி. நான் கையும் காலும் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு பெண் எங்களுக்குப் படிப்பித்தாள். வெறும் வளையத்தில் பசை தடவி, பட்டு நூலை இழை இழையாகச் சேர்த்து, ஒரு நூலிடை வெளி தெரியாமல் நெருக்கிச் சுற்றவேண்டும். அதன்மேல் கல்லும் முத்தும் தங்க நிறச் சரிகையும். கலியாணத்துக்குச் சிவப்பு, பச்சை, மயில் கழுத்து நீலம். திருக்கேதீச்சரத் திருவிழாவுக்குக் கொஞ்சம் மலிவானது. சுற்றிச் சுற்றி எனக்குக் கை வாய்த்துவிட்டது. கொஞ்ச நாளில் என் கைக்காப்பு நானாவின் இந்தியக் காப்பைவிட நன்றாக இருக்கிறது என்று நானாவே சொன்னார்.

குழுவில் நாங்கள் ஐந்து பேர். குழுத் தலைவியின் புருசன் அவளுக்குப் பக்கத்தில் இருந்தபோதே செல் குண்டு விழுந்து செத்தவர். மற்ற மூன்று பேருக்கும் அதேபோல ஒவ்வொரு கதை. நாலு பேருக்கும் வெறுங்கை. நடுவில் நான் ஒருத்தி சலசலத்துக்கொண்டு.

முதலாவது கலியாண ஓடருக்கு மன்னார் ரவுனில் இருந்து வந்த தாய் ஒருத்தி, மேசையில் பரப்பி வைத்த காப்புகளை ஆசை ஆசையாக எடுத்துப் பார்த்தாள். பிறகு எங்கள் கைகளைப் பார்த்தாள். "இதை ஆர் செய்யிறது?" என்று கேட்டாள். கேட்ட விதத்திலேயே எங்களுக்கு விளங்கியது, வெறுங்கை செய்த காப்பு அவளுக்கு வேண்டாம். தலைவிக்கு மூளை கரணம் போட்டது. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவதான் அம்மா. எந்தக் கலியாணக் காப்பெண்டாலும் முதல் சுத்து இவவின்ர கைதான்." அந்தத் தாயின் முகம் தெளிந்தது, ஓடர் கிடைத்தது.

அன்று தொடக்கம் அதுவே எங்கள் தொழில் முறையாகிவிட்டது. ஒவ்வொரு வளையத்திலும் முதல் சுற்று நான் சுற்றிக் கொடுப்பேன், மிச்சத்தை மற்றவர்கள் சுற்றுவார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. "இதென்ன கேவலம்? உங்கட கைக்கு என்ன குறை?" என்று தலைவியிடம் சண்டைக்குப் போனேன். அவள் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு மட்டும் வயித்தெரிச்சல் இல்லையே? ஆனால் காப்பு விக்கவேணும். உம்மட புருசன் வரும்வரைக்கும் எங்களுக்கு உம்மட கை வேணும்." வந்த பிறகும் வேண்டும் என்பதை அவள் யோசிக்கவில்லை. வரமாட்டார் என்றால் என்ன என்பதையும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். நான் எழும்பிப் போனால் இந்த நாலு அடுப்பும் என்ன ஆகும் என்று அன்றுதான் முதல்முறையாகக் கணக்கில் வந்தது. மாமி வீட்டில் கட்டிப்போட்டார். வெளியே போனால் இவர்கள். நானும் காப்புக்குள் காப்பாகச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

முருங்கன் பக்கத்துக் கலியாணம் அப்படித்தான் வந்தது. பெண் வீட்டார் மலையகத்தில் இருந்து ஒரு காலத்தில் கலவரத்தில் அடிபட்டு வந்து இங்கே குடியேறிய குடும்பம். கலியாணத்துக்கு முதல் நாள் பெண்ணுக்கு இரண்டு கையிலும் முழங்கைப் பக்கம் வரைக்கும் காப்பு அடுக்குவது அவர்கள் வழக்கம். கண்ணாடிக் காப்பு ஒன்று, நூல் காப்பு ஒன்று என்று மாறி மாறி. சுமங்கலிதான் அடுக்கவேண்டும். காப்பு செய்தவளே சுமங்கலி என்று கேள்விப்பட்டதும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அவளே வந்து அடுக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மாமி என்னைத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கவைத்து, பெட்டிக்குள் இருந்த ஒரே நல்ல சேலையை உடுக்கச் சொல்லி அனுப்பினார். உயிலங்குளம் சந்தியில் பஸ் மாறிப் போனேன். வெளியே போகிற சந்தோசம் எனக்கு. யன்னலோரம் இருந்து வயலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

வீட்டு முற்றத்தில் பந்தல். ஒலிபெருக்கியில் பாட்டு காதைக் கிழித்தது. உள்ளே ஒரு பாயில் பெண்ணை இருத்தி, எதிரே என்னையும் இருத்தினார்கள். பெண்ணின் அத்தை எல்லாவற்றையும் ஓடியாடி நடத்திக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கையில் முதல் காப்பைத் தந்தாள்.

"எங்க வழக்கம் சொல்லிப்புடுறேங்க. ரெண்டு கையும் நெறையிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. நடுவுல நிறுத்தக் கூடாது. கெட்ட பேச்சு வாயில வரக் கூடாது. புள்ளைக்கு ஆகாது."

"ஓம், அதுக்கென்ன" என்று சிரித்தேன். எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. சின்னப் பெண், வெட்கத்தில் உள்ளங்கை எல்லாம் வியர்வை. வியர்த்த கைக்குக் காப்பு சுகமாக ஏறும். இடது கையை நிறைத்து முடித்து வலது கையைப் பிடித்தபோது, காப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். பார்த்த முகம். முகாமில் எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசைக் கூடாரத்தில் புருசனோடு இருந்த அக்கா ஒருத்தி. இப்போது இந்தப் பக்கம் குடியிருக்கிறாளாம், கலியாண வீட்டுக்கு உதவிக்கு வந்திருக்கிறாள்.

"தங்கச்சி, என்னைத் தெரியுதோ?" என்றாள். தெரிகிறது என்றேன். அவள் என் கையில் கிடந்த காப்புகளை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. "உங்களை இப்பிடிப் பாக்க எவ்வளவு சந்தோசமாக் கிடக்கு தெரியுமோ. நல்ல வேலை செய்தீங்கள். சின்ன வயசு, தனிய இருந்து என்ன செய்யிறது? எப்ப மறுகலியாணம் முடிச்சனீங்கள்? மாப்பிள்ளை எந்த இடம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ அக்கா, எந்த மாப்பிள்ளை? அதே ஆள்தான். உழவு மெசின் ஓட்டினவர்தான்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. சுற்றும் முற்றும் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். பிறகு என் காதோடு வாயை வைத்து, "மாமி உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றாள்.

"என்னத்தை?"

அவளுக்குப் பின்வாங்க வழியில்லை. நானும் விடமாட்டேன் என்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தேன். பாட்டுச் சத்தத்துக்குள் அவள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது. "எங்கட பங்கருக்குப் பக்கத்திலதான் செல் விழுந்தது. அவர் மெசினில இருந்தவர். எங்கட இவர்தான் மண் வெட்டிப் போட்டவர், தங்கச்சி. நீங்கள் கொப்புளிப்பானோட நினைவில்லாமக் கிடந்தனீங்கள். அதால மாமியிட்டச் சொன்னனாங்கள். மெசினை ஸ்டார்ட் பண்ணுற திறப்பையும் அவவின்ர கையில குடுத்தனான். சுகம் வந்தவுடன நானே சொல்லுறன் எண்டவ."

நான் இத்தனை காலம் கேட்டுத் திரிந்த பதில். ஒரு வாயால் சொன்னால் போதும் என்றிருந்தேனே, சொல்லியாயிற்று. என் இடது கைக்குள் இன்னொருத்தியின் வலது கை கிடந்தது. வலது கையில் பாதி ஏற்றிய கண்ணாடிக் காப்பு.

"என்னங்க நின்னுட்டீங்க? போடுங்க, போடுங்க" என்றாள் அத்தை.

போட்டேன். வேறு என்ன செய்வது? எழும்பினால் அந்தப் பெண்ணின் கலியாணத்தில் கறுப்பு விழும். அழுதால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், தாலி அறுத்தவளைக் கொண்டு காப்பு அடுக்கினோம் என்று அந்த வீடே தலையில் அடித்துக்கொள்ளும். கண்ணாடிக் காப்பை ஏற்றும்போது கை நடுங்கக்கூடாது. நடுங்கினால் நெரிந்து உடைந்து பெண்ணின் தோலைக் கிழிக்கும். பெருவிரல் அடியை அமத்தி, நாலு விரலையும் கூட்டி, மூச்சை அடக்கி ஏற்றினேன். பச்சை ஒன்று, நூல் ஒன்று. பச்சை ஒன்று, நூல் ஒன்று. ஒவ்வொரு நூல் காப்பிலும் முதல் சுற்று என்னுடையது. ஒன்றுகூட உடையவில்லை. என் கை அவ்வளவு நன்றாக வேலை செய்ததற்கு என் கைமீதே எனக்கு வெறுப்பு வந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள். புகை கண்ணில் பட்டுவிட்டதாக்கும் என்றாள் யாரோ ஒருத்தி.

இரண்டு கையும் நிறைந்ததும் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். அத்தை என் கையில் அரிசியும் பூவும் திணித்தாள். "தீர்க்க சுமங்கலியா இருன்னு வாய் நெறையச் சொல்லுங்க."

சொன்னேன். வாய் நிறையச் சொன்னேன்.

உயிலங்குளம் சந்தியில் அடுத்த பஸ் வரும்வரை நின்றபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வந்தது கோபம்தான், அதுவும் செத்தவர்மீது இல்லை. முழுக் கோபமும் மாமிமீது. அவர் என்னிடம் கேட்டாரே, என்ர பிள்ளையைக் கொல்லப்போறியோ என்று. செத்துப்போய், மண் போட்டு, திறப்பும் கைக்கு வந்த பிறகு கேட்ட கேள்வி அது. பஸ்ஸுக்குள் எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி சற்றுத் தள்ளி இருந்தாள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போனபோது மாமி சுளகில் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். "எப்பிடிப் பிள்ளை, எல்லாம் நல்லபடி நடந்ததோ?" என்று கேட்டுக்கொண்டே வழமைபோல் என் கையைப் பார்த்தார்.

"திறப்பு எங்க மாமி?" என்றேன்.

அவர் எந்தத் திறப்பு என்று கேட்கவில்லை. இன்னும் இரண்டு காம்பு இலையை உருவினார். பிறகு கை நின்றது. "எறிஞ்சிட்டன். முகாமால வரேக்க பஸ் யன்னலால எறிஞ்சிட்டன்."

நான் கத்தினேன். அக்கம்பக்கம் கேட்கும் என்றுகூட நினைக்காமல் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. நீங்கள் மனுசியோ என்று கேட்டது நினைவிருக்கிறது. என்னைக் கட்டிவைத்து நீங்கள் என்ன கண்டீர்கள் என்று கேட்டதும் நினைவிருக்கிறது. நான் கத்தி ஓய்ந்த பிறகுதான் மாமி பேசினார்.

"நீ காய்ச்சலில பிதற்றிக்கொண்டு கிடந்தாய். வெளியால தண்ணிக்குச் சனம் வரிசையா நிக்குது. அதுக்குள்ள வைச்சு உன்ர கையைப் பிடிச்சு உடைக்கவிடச் சொல்லுறியோ? மாமா செத்த அண்டைக்கு என்ர கையை நாலு பேர் பிடிச்சு அம்மியில வைச்சுத் தட்டினவை. கண்ணாடி கையுக்க ஏறிச்சு. அதுகூடப் பரவாயில்லை. அதுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில முன்னுக்குப் போய் நிண்டிருக்கிறனோ நான்? சொந்தத் தங்கச்சியின்ர மகளின்ர கலியாணத்தில குசினிக்க இருந்து தேங்காய் துருவினனான். உனக்கு அது வரக்கூடாது எண்டு நினைச்சன்."

"பிறகு சொல்லியிருக்கலாமே? இஞ்ச வந்த பிறகு?"

"சொல்லத்தான் இருந்தன்." அவர் முதல்முறையாக நிமிர்ந்தார். "பிறகு உன்ர கொக்கா போன் எடுக்கத் தொடங்கிட்டாள். நீ போயிட்டா எனக்கு ஆர் பிள்ளை?"

இரண்டும் உண்மைதான். அன்றைக்கு நான் இரண்டாவதை மட்டும்தான் நம்பினேன். இப்போது முதலாவதையும் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை வர வருடங்கள் பிடித்தன. அன்று என்னை உலுக்கியது வேறொன்று. இந்த மனுசி பெற்ற பிள்ளை செத்ததைத் தெரிந்துகொண்டே என்னோடு ஒரே தறப்பாளுக்குள் படுத்து எழும்பியிருக்கிறார். ஒருநாள்கூட என் முன்னால் அழவில்லை. எங்கே போய் அழுதார்? விறகு பொறுக்கப் போகிறேன் என்று தனியாகப் போய், அரைநாள் கழித்து நாலு சுள்ளியோடு வருவாரே, அதற்காக நான் எத்தனை தரம் சிடுசிடுத்திருக்கிறேன். கேட்கவேண்டும் போல் இருந்தது. கேட்கவில்லை. கோபம் விடவில்லை.

"நான் அக்காவிட்டப் போறன்" என்றேன்.

"போ" என்றார் மாமி. இலையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். முருங்கை இலைச் சுண்டலும் சோறும் ஆக்கி, எனக்கு முதலில் போட்டார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். பசித்தது.

அடுத்த நாள் காலை முற்றத்துக் கட்டிலில் சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். தலைவி சைக்கிளில் வந்து இறங்கினாள். மிதித்துவந்த மூச்சோடு வாய் நிறையச் சிரிப்பு. முருங்கனில் காப்பு அடுக்கினதைப் பார்த்து, அந்தப் பக்கம் இன்னும் இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார்களாம். பேசாலையில் ஒரு கடைக்காரரும் கேட்டாராம். "மங்களமான கையாம். உம்மட கைதான் வேணுமாம்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். அவளுடைய வெறுங்கைக்குள் என் கை சலசலத்தது. அவளுடைய மூத்தவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தப்போவதாக இருந்தது. இனி நிறுத்தத் தேவையில்லை என்று அவளே சொன்னாள்.

அடுப்படியில் இருந்து மாமி வெளியே வந்தார். என்னையும் பார்த்தார், கட்டிலில் கிடந்த பையையும் பார்த்தார்.

"இனி அவளைக் கூப்பிடாதேங்கோ" என்றார். "அவள் தமக்கையிட்டப் போறாள்."

"போயிட்டு எப்ப வருவா?"

"வரமாட்டாள்." மாமி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். எனக்கு விளங்கிவிட்டது, சொல்லப்போகிறார். இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்ததை எனக்காக இந்த முற்றத்தில் வைத்துச் சொல்லப்போகிறார். சொன்னால் நான் போகலாம். சொன்ன அந்த நிமிசமே தலைவி குழறிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிப்பாள், அயல் கூடும், நாலு பேர் வந்து என் கையைப் பிடிப்பார்கள். முருங்கனில் அந்தச் சின்னப் பெண்ணுக்கு அன்று காலைதான் தாலி ஏறியிருக்கும். தலைவியின் சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது.

"என்ர பிள்ளை…" என்று தொடங்கினார்.

"மாமி பகிடி விடுறா" என்றேன் நான். பையை இறக்கிக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். "அடுத்த கலியாணம் எந்த நாள்?"